பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச்: பெற்றோர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகப் பையை ஒரு மூலையில் போட்டுவிட்டு செல்போனைத் தேடுவது இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உள்ள கவலைதான். கொடுத்தால் கண்ணை எடுப்பதில்லை. பிடுங்கி வைத்தால் வீடு ரெண்டுபடுகிறது. திரையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. பள்ளிப்பாடம், விண்ணப்பம், வங்கி என்று எல்லாமே அதற்குள் போய்விட்டன.

ஆனால் திரைக்கு முன் உட்காருவதில் இரண்டு விதம் உண்டு. யாரோ செய்து வைத்ததைப் பார்த்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருப்பது ஒரு விதம். தானே ஒன்றைச் செய்து பார்ப்பது இன்னொரு விதம். இரண்டாவது விதத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு கருவியைப் பற்றியும், அதை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது பற்றியும் இந்தப் பாடம்.

"எனக்கே கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷும் அவ்வளவா வராது, நான் எங்கே சொல்லிக்கொடுக்க?" என்று தயங்கும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். இந்தக் கலையில் பெற்றோரின் வேலை விடை சொல்வது அல்ல, கேள்வி கேட்பது. அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. பொறுமை தேவை.

ஸ்கிராட்ச் என்றால் என்ன?

கணினிக்கு ஒரு வேலையைச் சொல்லித்தர வேண்டுமானால் அதற்குப் புரியும் வகையில் கட்டளைகளை வரிசையாக எழுத வேண்டும். பெரியவர்கள் இதை எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஒரு புள்ளி விடுபட்டாலும் ஓர் எழுத்து மாறினாலும் வேலை நின்றுவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தடை. சொல்ல வந்த யோசனை சரியாக இருக்கும், எழுத்துப் பிழையில் மாட்டிக்கொண்டு சலித்துவிடும்.

இந்தத் தடையை நீக்கத்தான் கட்டளைகளைக் கட்டைகளாகச் செய்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உள்ள மீடியா லேப் என்ற ஆய்வகத்தில், மிட்செல் ரெஸ்னிக் என்பவர் தலைமையிலான குழு 2007-ஆம் ஆண்டு ஸ்கிராட்சை வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. இதற்கு முன்னோடி, சீமோர் பேப்பர்ட் முதலியோர் 1967-இல் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழி. அதில் ஓர் ஆமை கட்டளைக்கு ஏற்ப நகர்ந்து கோடு போடும்.

ஸ்கிராட்சில் ஆமைக்குப் பதில் ஒரு பூனை நிற்கும். இடப்பக்கம் வண்ண வண்ணமாகக் கட்டளைகள் இருக்கும். இவற்றுக்கு 'பிளாக்' என்று பெயர். அசைவுக்கான பிளாக்குகள் நீலம், தோற்றத்துக்கானவை ஊதா, தொடங்கி வைப்பவை மஞ்சள், கணக்குக்கானவை பச்சை. பிள்ளை ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் கீழே வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பொருந்தாத இடத்தில் வைத்தால் ஒட்டாது. ஆகவே எழுத்துப் பிழைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. நேர்வதெல்லாம் யோசனைப் பிழைதான். அந்தப் பிழைதான் பிள்ளைக்கு ஆசிரியர்.

ஸ்கிராட்ச் முழுக்க இலவசம். எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. வாசிக்கத் தொடங்கும் வயதில் உள்ள ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் பிளாக்குகளில் படம் மட்டுமே இருக்கும். நம் தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்கிராட்ச் இடம்பெற்றிருக்கிறது. எனவே பாடத்துக்கு வெளியே உள்ள வீண்வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என்ன சாதனம் வேண்டும்?

கணினியோ மடிக்கணினியோ ஒன்று போதும். இணையம் எப்போதும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை பதிவிறக்கம் செய்துகொண்டால் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. அதைத் தூசி தட்டி எடுங்கள். புதிய பதிப்பு அதில் ஓடவில்லை என்றால் 1.4 என்ற பழைய பதிப்பு கிடைக்கிறது. கீழே வரும் பாடங்களுக்கு அதுவே போதும்.

செல்போனின் சிறிய திரையில் ஸ்கிராட்சில் செய்ததைப் பார்க்கலாமே தவிர, புதிதாகச் செய்ய வசதிப்படாது. வீட்டில் ஆண்ட்ராய்டு போன் மட்டுமே இருக்கிறது என்றால், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பாக்கெட் கோட் என்ற இலவசச் செயலியைப் பார்க்கலாம். அதுவும் இதே பிளாக் முறைதான். இல்லையென்றால் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஒரே மடிக்கணினியில் கற்கலாம். சொல்லப்போனால் தனியாகக் கற்பதைவிட இருவராகக் கற்பது நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

மூன்று கேள்விகள்

பாடத்துக்குள் போகும் முன் பெற்றோர் மனதில் பதிய வைக்க வேண்டியது இது. பிள்ளை பிளாக்குகளை அடுக்கும். பச்சைக் கொடியை அழுத்தும். நினைத்தது நடக்காது. முதல் நாளிலேயே இது பத்து முறை நடக்கும். அப்போது பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: என்ன நடக்கணும்னு நீ நினைச்சே?
இரண்டு: இப்போ என்ன நடந்துச்சு?
மூன்று: எந்த பிளாக் வரைக்கும் சரியா நடந்துச்சு?

முதல் கேள்வி பிள்ளையைத் தன் எண்ணத்தைத் தெளிவாகச் சொல்ல வைக்கிறது. பாதிப் பிழைகள் இங்கேயே தீர்ந்துவிடும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே "ஓ, ஓ!" என்று மவுஸைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கேள்வி, நினைப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வைக்கிறது. "வரலை" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். "எங்கே போச்சு? எந்தப் பக்கம் திரும்புச்சு?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி தேடும் இடத்தைச் சுருக்குகிறது. இருபது பிளாக்கில் பிழை தேடுவது மலைப்பு. பன்னிரண்டாவது வரை சரி என்று தெரிந்துவிட்டால் பிறகு தேட வேண்டியது எட்டுதான்.

இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பெற்றோருக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பதே ஒருவகையில் நல்லது. தெரிந்தவர் கை சும்மா இருக்காது, மவுஸை வாங்கித் தானே செய்து முடித்துவிடுவார். அதோடு பிள்ளையின் பாடம் முடிந்துவிடும். மவுஸ் எப்போதும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

"இதுகூடத் தெரியலையா?" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிழை என்றால் சிவப்பு மை, குறைந்த மதிப்பெண், சில நேரம் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அதனால்தான் பல பிள்ளைகள் கணக்கில் விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. ஸ்கிராட்சில் பிழைக்கு மதிப்பெண் குறையாது. பூனை தப்பான பக்கம் போகும், அவ்வளவுதான். திருத்திவிட்டு மறுபடி கொடியை அழுத்தலாம். பிழையைக் கண்டு பயப்படாத பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அது கணினியோடு நின்றுவிடாது.

முதல் பாடம்: கணினி இல்லாமல்

இந்தப் பாடத்துக்குக் கணினியைத் திறக்கவே வேண்டாம். வீட்டுக் கூடத்தில் அத்தா பூனையாக நிற்கட்டும். பிள்ளை கட்டளை கொடுக்கட்டும். வாசலிலிருந்து அலமாரி வரை பூனையைக் கொண்டுபோக வேண்டும். ஒரே நிபந்தனை: பூனை தானாக யோசிக்காது. சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்யும்.

"அத்தா, நேரா போங்க."
"எத்தனை அடி?"
"அஞ்சு."

ஐந்து அடி போய் அத்தா நிற்பார். "இப்போ திரும்புங்க" என்று பிள்ளை சொன்னால், எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியாததால் பூனை அசையாமல் நிற்க வேண்டும். "சோத்துக்கை பக்கம் கால் சுத்து திரும்புங்க" என்று சொன்னால்தான் திரும்ப வேண்டும். பத்து அடி என்று தவறாகச் சொல்லிவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். வீடே சிரிக்கும். சிரிப்புக்கு நடுவே பிள்ளைக்கு ஒரு விஷயம் விளங்கிவிடும்: கணினி கெட்டிக்காரன் அல்ல, சொன்னதைச் செய்யும் வேலையாள். சொல்வதைச் சரியாகச் சொல்வது நம் பொறுப்பு.

இப்படிப் படிப்படியாக, குழப்பத்துக்கு இடமில்லாமல் சொல்லப்படும் வழிமுறைக்கு ஆங்கிலத்தில் அல்காரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இருந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழிக்குப் போனபோது திரிந்து உண்டான சொல் அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

இரண்டாம் பாடம்: சதுரமும் முக்கோணமும்

ஸ்கிராட்சைத் திறந்ததும் இடப்பக்கம் கீழ் மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கூடுதல் வசதிகள் வரும். அதில் 'பென்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி பூனையின் கையில் பேனா உண்டு. (பழைய 1.4 பதிப்பில் பேனா முதலிலேயே இருக்கும்.)

பிளாக்குகளை இந்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்:

1. பச்சைக் கொடி போட்ட மஞ்சள் பிளாக்: தொடங்கு.
2. 'பென் அப்': பேனாவைத் தூக்கு.
3. 'கோ டு எக்ஸ் 0 ஒய் 0': திரையின் நடுவுக்குப் போ.
4. 'பாயின்ட் இன் டைரக்‌ஷன் 90': வலப்பக்கம் பார்.
5. 'இரேஸ் ஆல்': முன்பு வரைந்ததை அழி.
6. 'பென் டவுன்': பேனாவைத் தாளில் வை.
7. 'ரிப்பீட் 4': உள்ளே இருப்பதை நான்கு முறை செய். இதன் வாய்க்குள்: 'மூவ் 100 ஸ்டெப்ஸ்' (100 அடி நகர்), வலப்பக்கம் திரும்பும் 'டர்ன் 90 டிகிரீஸ்', 'வெயிட் 1 செகண்ட்ஸ்' (ஒரு நொடி நில்).

கடைசியில் உள்ள ஒரு நொடி ஓய்வு முக்கியம். அது இல்லையென்றால் கண் இமைப்பதற்குள் முழுப் படமும் வந்துவிடும். பூனை எப்படிப் போனது என்பதே பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு அடியாகப் பார்த்தால்தான் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

சதுரம் வந்ததும் முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பிள்ளை 4-ஐ 3 ஆக்கும். திரும்பும் கோணத்தைக் கேட்டால், பள்ளியில் படித்த சமபக்க முக்கோணத்தை நினைத்து 60 என்று போடும். கொடியை அழுத்தினால் முக்கோணம் வராது. வாய் திறந்த கிண்ணம் போல ஏதோ வரும். கடைசியில் பூனை தலைகீழாக நிற்கும்.

இங்கே விடையைச் சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வேண்டுமானால் பிள்ளையைத் தரையில் நடக்கச் சொல்லுங்கள். முக்கோணத்தின் ஒரு முனைக்கு வந்து அடுத்த பக்கத்தில் நடக்க எவ்வளவு திரும்ப வேண்டியிருக்கிறது? உள்ளே இருக்கும் கோணம் 60 தான். ஆனால் நடக்கிறவர் திரும்புவது வெளிப்பக்கக் கோணம், அது 120. சதுரத்தில் இரண்டும் 90 ஆக இருந்ததால் இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. வகுப்பில் வெளிக்கோணம் என்று மனப்பாடம் செய்தது இப்போது காலுக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கிண்ணத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அது ஓர் அறுகோணத்தின் பாதி. கோணம் 60 ஆகவே இருக்கட்டும், 3-ஐ மட்டும் 6 ஆக்கிப் பாருங்கள். முழு அறுகோணம் வந்து நிற்கும். தவறாகப் போன வழியிலும் ஒன்று கிடைக்கும் என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும்.

மூன்றாம் பாடம்: எட்டு முனை நட்சத்திரம்

இதற்குள் பிள்ளைக்கு ஒரு விதி புலப்பட்டிருக்க வேண்டும். புலப்படவில்லை என்றால் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பக்கம் என்றால் 120, நான்கு என்றால் 90, ஆறு என்றால் 60. ஒவ்வொன்றையும் பெருக்கினால்? எல்லாமே 360. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர ஒரு முழுச் சுற்று திரும்பியாக வேண்டும். அப்படியானால் எட்டுப் பக்கத்துக்கு எவ்வளவு? 360-ஐ எட்டால் வகுத்தால் 45. நீளத்தை 50 என்று வைத்து வரையட்டும். நூறு என்று வைத்தால் பூனை திரையின் கீழ் விளிம்பில் முட்டிப் படம் கோணலாகிவிடும். திரையின் அகலம் 480, உயரம் 360 மட்டுமே.

இப்போது அதே 'ரிப்பீட் 8' இருக்கட்டும். நீளத்தை 150 ஆக்கி, கோணத்தை 45-க்குப் பதில் 135 என்று மாற்றுங்கள். எட்டு முனை கொண்ட அழகான நட்சத்திரம் வரும். பள்ளிவாசல்களின் ஜன்னல் வேலைப்பாட்டிலும் கதவுகளிலும் பிள்ளைகள் எட்டு முனை நட்சத்திரத்தைப் பார்த்திருப்பார்கள். ஸ்பெயின் நாட்டின் கிரானடாவில் உள்ள அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்களின் ஓடுகளிலும் எட்டு முனை நட்சத்திர வடிவங்கள் உண்டு. அந்தக் கைவினைஞர்கள் கவராயமும் அளவுகோலும் வைத்துச் செய்த வடிவத்தை உங்கள் பிள்ளை இரண்டு எண்களை மாற்றிச் செய்திருக்கிறது.

இது ஏன் நட்சத்திரம் ஆயிற்று என்று கேளுங்கள். 135-ஐ எட்டால் பெருக்கினால் 1080. அதாவது மூன்று முழுச் சுற்று. பூனை ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றுத் திரும்பி வீடு சேர்ந்திருக்கிறது. அப்படியானால் ஐந்து முனை நட்சத்திரத்துக்கு இரண்டு சுற்று போதும் என்றால் கோணம் என்ன? பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். 720-ஐ ஐந்தால் வகுத்தால் 144.

அடுத்தது பூ. ஒரு ரிப்பீட்டின் வாய்க்குள் இன்னொரு ரிப்பீட் வைக்கலாம். வெளியே 'ரிப்பீட் 8'. அதற்குள் நீளம் 80 கொண்ட ஒரு சதுரம், அதாவது 'ரிப்பீட் 4' முழுவதும். சதுரம் முடிந்த பிறகு 'டர்ன் 45'. எட்டுச் சதுரங்கள் ஒரே புள்ளியைச் சுற்றி இதழ் போல விரியும். அந்த 'டர்ன் 45' உள் ரிப்பீட்டுக்குள் போய்விட்டால் படம் வேறாகிவிடும். எந்த பிளாக் எதன் வாய்க்குள் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இங்கே வரும்.

இந்த இடத்தில் பிள்ளையைக் கொஞ்சம் தனியே விட்டுவிடுங்கள். வண்ணத்தை மாற்றட்டும், எண்ணை மாற்றட்டும். பெருநாளைக்குக் கையில் வைக்கும் மருதாணிக் கோலத்தைப் போல ஒன்றை வரைய முயலட்டும். நாம் சொல்லிக்கொடுத்ததைத் திரும்பச் செய்வது பயிற்சி. நாம் சொல்லாத ஒன்றைத் தானாகச் செய்வதுதான் ஆக்கம்.

நான்காம் பாடம்: கடைக் கணக்கு

இது வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஒரு கடையில் தேங்காய் ஒன்று 30 ரூபாய். பத்தும் அதற்கு மேலும் வாங்கினால் ஒன்று 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை தேங்காய் என்று பூனை கேட்டு, எவ்வளவு ரூபாய் என்று சொல்ல வேண்டும்.

'ஆஸ்க்' பிளாக்கில் "எத்தனை தேங்காய்?" என்று எழுதலாம். நாம் தட்டச்சு செய்யும் பதில் 'ஆன்சர்' என்ற பிளாக்கில் வந்து உட்காரும். பிறகு 'இஃப் – தென் – எல்ஸ்' என்ற பிளாக். இது ஒரு முச்சந்தி. நிபந்தனை சரியென்றால் ஒரு வழி, இல்லையென்றால் இன்னொரு வழி. பதில் பத்தைவிடப் பெரியது என்றால் 25-ஆல் பெருக்கிச் சொல், இல்லையென்றால் 30-ஆல் பெருக்கிச் சொல். பிள்ளை பெரும்பாலும் இப்படித்தான் அடுக்கும்.

சோதித்துப் பாருங்கள். 5 என்றால் 150. சரி. 12 என்றால் 300. சரி. "எல்லாம் சரி" என்று பிள்ளை எழுந்துவிடும். எழ விடாதீர்கள். "சரியா 10 வாங்குனா?" என்று கேளுங்கள். 250 வர வேண்டும். 300 வரும். வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

என்ன நடந்தது? பத்து என்பது பத்தைவிடப் பெரியது அல்ல. "பத்தும் அதற்கு மேலும்" என்று கடைக்காரர் வாயால் சொன்னதைப் பிள்ளை "பத்துக்கு மேல்" என்று கணினிக்குச் சொல்லிவிட்டது. ஒன்பதைவிடப் பெரியது என்று மாற்றினால் தீர்ந்தது. பெரிய பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களிலும் பிழைகள் பல இப்படி எல்லையில்தான் ஒளிந்திருக்கும். நடுவில் சோதிப்பவர் கண்ணுக்கு அகப்படாது, ஓரத்தில் சோதிப்பவருக்கே அகப்படும்.

இன்னும் இரண்டு சோதனைகள். 9 என்று கொடுத்தால் 270, 10 என்று கொடுத்தால் 250. ஒன்பது வாங்குகிறவர் பத்து வாங்குகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். பூனை தப்புச் செய்ததா, பிள்ளை தப்புச் செய்ததா? இருவரும் இல்லை, விலை வைத்த முறையே அப்படி. இதைக் கடை வைத்திருக்கும் அத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல பேச்சு நடக்கும். அடுத்து, கழித்தல் 5 என்று கொடுத்துப் பாருங்கள். கழித்தல் 150 வரும். கடைக்காரர் தேங்காயும் கொடுத்துப் பணமும் கொடுக்க வேண்டியதுதான். கணினி சிரிக்காது, சந்தேகப்படாது, சொன்னதைச் செய்யும். "இப்படியும் யாராவது அடிச்சா?" என்று முன்கூட்டியே யோசிப்பது எழுதுகிறவரின் கடமை.

மவுஸ் யார் கையில்?

இருவராகக் கற்பது நல்லது என்று சொன்னோம். ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் என்ன செய்வது என்று வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும்போது எண்ணம் தெளிவாகும். மற்றவர் கண் பிழையைச் சீக்கிரம் பிடிக்கும்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அண்ணன் மவுஸைப் பிடித்தால் விடுவதில்லை. தங்கை பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவன் சொல்ல, அடுப்படியிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு அவள் போய்விடுகிறாள். அவளுக்கு ஆர்வமில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அவளுக்கு முறை வரவில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். தங்கையின் முறையில் அண்ணன் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், கை நீட்டக் கூடாது. பாடம் நடக்கும் அரைமணி நேரத்தில் மகளை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

ஸ்கிராட்சின் இணையதளத்தில் பிள்ளைகள் தாம் செய்ததை உலகத்தோடு பகிர்ந்துகொள்ளவும், மற்றவர் செய்ததைத் திறந்து பார்த்து மாற்றவும் முடியும். நல்ல வசதிதான். ஆனால் தொடக்கத்தில் அதற்கு அவசரம் இல்லை. கணக்குத் தொடங்காமலே வீட்டுக் கணினியில் செய்து சேமிக்கலாம். கணக்குத் தொடங்கினால் உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். பிள்ளையின் சொந்தப் பெயர், புகைப்படம், பள்ளி, ஊர் எதுவும் அதில் வேண்டாம்.

நேரத்துக்கு வரம்பு வையுங்கள். வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும். பிழை தீராத நேரத்தில் எழுந்து போகச் சொன்னால் பிள்ளை சிணுங்கும். தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடுவது உண்டு.

பெருந்தொகை கேட்கும் கோடிங் வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டிய தேவை தொடக்கநிலையில் இல்லை. ஏற்கெனவே சேர்த்திருந்தால் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பிள்ளை செய்ததாகக் காட்டப்படும் விளையாட்டைத் திறந்து, "இந்தப் பூனை இன்னும் மெதுவாகப் போகட்டும், மாத்து பார்ப்போம்" என்று கேளுங்கள். மாற்றத் தெரிந்தால் கற்றிருக்கிறது. விழித்தால், பார்த்து அடுக்கியிருக்கிறது.

எட்டு வயதில் ஸ்கிராட்ச் கற்றால் இருபத்திரண்டு வயதில் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு வாக்குறுதியை யாராலும் தர முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: நம் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் படிக்கிறார்கள். திரும்பச் செய்வது, நிபந்தனை பார்ப்பது, ஒரு மதிப்பைச் சேமித்து வைப்பது என்று அங்கே வருவதெல்லாம் இங்கே பூனையோடு பழகியவைதான். அப்போது எழுத்து மட்டுமே புதிது, யோசனை பழையது.

பிழை நோட்டு

கடைசியாக ஒரு சிறு வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் பிள்ளை அதில் மூன்று வரி எழுதட்டும். என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தேன். நாம் கேட்ட அதே மூன்று கேள்விகள்தான், இப்போது பிள்ளை தன்னைத் தானே கேட்கிறது. வாரம் ஒருமுறை அம்மாவோ நன்னியோ அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். "இந்த வாரம் எத்தனை பிழை கண்டுபிடிச்சே?" என்று ஆவலோடு கேளுங்கள். எண்ணிக்கை கூடினால் பாராட்டுங்கள். தன் தவறைத் தானே தேடி, மறைக்காமல் எழுதி, திருத்திக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எந்தப் படிப்புக்குப் போனாலும், எந்தத் தொழிலுக்குப் போனாலும் தடுமாறி நின்றுவிடாது.

மடிக்கணினி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் பாடத்துக்கு வேண்டியது வீட்டுக் கூடமும், பூனையாக நிற்கச் சம்மதிக்கும் ஓர் அத்தாவும்தான். இன்று இஷா தொழுதுவிட்டு வந்ததும்கூடத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.